சனி பார்வை, மாலை ஏழு மணி

பாமினி எழுத்தில் தட்டச்சுச் செய்கிறவர்களுக்குத் தெரியும், ‘த’வுக்கும் ‘ம’வுக்கும் உரிய சாவிகள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. ஒரு விரல் தள்ளி விழுந்ததால் எங்கள் வானவியல் கழகத்தின் அறிவித்தலில் ‘சந்திரன் அவதானிப்பு’ என்று வரவேண்டியது ‘சந்திரன் அவமானிப்பு’ என்று வந்துவிட்டது. பிரதி எடுத்து, பஸ் நிலையத்திலும் நூலகச் சுவரிலும் மருந்துக்கடை வாசலிலும் ஒட்டி முடித்த பிறகுதான் கண்டோம். நான் திரும்பிப் போய்க் கிழிப்பதற்குள் பாதியை நகரத்து வீதிகளில் திரியும் மான்கள் தின்றிருந்தன. பசைக்காகத் தின்பவை அவை. மீதிப் பாதியை ஊர் வாசித்திருந்தது.

அன்று மாலை கடற்கரைக்குப் போனபோது செயலாளர் தொலைநோக்கியை முக்காலியில் பொருத்திக்கொண்டிருந்தார். வங்கியில் வேலை செய்பவர். என்னைவிடப் பத்து வயது இளையவர். வாய் ஓயாத பகிடிக்காரர்.

“வாரும் அமாவாசை. இண்டைக்கு ஆரை அவமானிக்கப் போறம்?”

அமாவாசை என்பது நான். இருந்தும் தெரியாத ஆள் என்பதால் அவர் வைத்த பெயர்.

“சந்திரன் பாவம், சேர்,” என்று தலைவர் பக்கம் திரும்பினார். “ஏற்கெனவே முகமெல்லாம் பள்ளம். அதையும் கூப்பிட்டு வைச்சு அவமானிக்கிறதே?”

பத்துப் பன்னிரண்டு பேர் நின்றிருப்பார்கள். எல்லாரும் சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை. அவர் ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர். அவர் சிரிக்காமல் இருப்பது சிரிப்பதைவிட மோசம்.

“ஓ.எல். சோதினையில தமிழுக்கு என்ன எடுத்தனீர்?” என்று கேட்டார்.

“சி, சேர்.”

“அது அறிவித்தலிலயே தெரியுது.”

எனக்கு ஐம்பத்திரண்டு வயது. துறைமுகப் பக்கம் ஒரு சின்னக் கடையில் போட்டோக்கொப்பி எடுப்பதும், விண்ணப்பமும் கடிதமும் அடித்துக் கொடுப்பதும் என் தொழில். ஆட்களின் முகம் பார்த்துக் கதைக்க எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஏலாது. கடையிலும் கண்ணாடித் தட்டைப் பார்த்துக்கொண்டுதான் பதில் சொல்வேன். கழகத்தில் சேர்ந்ததும் அதனால்தான். துறைமுகத்து வெளிச்சம் படாத கிழக்குக் கடற்கரையில், இருட்டில், எல்லாரும் மேலே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். என்னை ஒருவரும் பார்க்க மாட்டார்கள் என்று நினைத்தேன். அந்தக் கணக்குப் பிழைத்தது. மேகம் மூடினால் பார்ப்பதற்கு வேறு ஒன்றும் இருக்காது. அப்போது என்னைப் பார்ப்பார்கள்.

ஒவ்வொரு மாதமும் ‘வரும் மாத நிகழ்ச்சிகள்’ என்று ஒரு தாள் அடித்துப் பிரதி எடுத்து ஒட்டுவது என் பொறுப்பு. அந்தப் பிழைக்குப் பிறகு கஷ்டமான சொல் எதையும் தொடுவதில்லை என்று முடிவெடுத்தேன். அடுத்த மாதத்துக்குத் தலைவர் கையால் எழுதித் தந்த தாளில் ‘சனிக்கோள் அவதானிப்பு’ என்று இருந்தது. அந்தச் சொல்லைக் கண்டதும் விரல் குளிர்ந்தது. ‘சனி பார்வை’ என்று அடித்தேன். பார்ப்பது பார்வைதானே. சனிக்கிழமை மாலை ஏழு மணி, கடற்கரை, அனைவரும் வருக, பாயும் நுளம்புத்திரியும் கொண்டு வரவும், மேலதிக விபரங்களுக்கு என் கடை. அதற்குக் கீழே சந்திர கிரகணம் ஒன்று. மாணவர்களுக்கு நட்சத்திரப் படம் கீறப் பழக்குவது ஒன்று. நாலு தரம் வாசித்துப் பார்த்தேன். ஓர் எழுத்துப் பிழையும் இல்லை. பெருமையாகவே ஒட்டினேன்.

கோயிலில் நவக்கிரகம் சுற்றும்போது சனிக்கு நேரே நிற்கக்கூடாது, பக்கத்தில் ஒதுங்கி நின்று கும்பிட வேண்டும் என்று சொல்லி வளர்க்கப்பட்டவன் நான். சனி பார்வை என்றால் எங்கள் சனங்களுக்கு என்ன என்பது எனக்குத் தெரியாததல்ல. எழுத்துப் பிழைக்குப் பயந்த பயத்தில் அர்த்தம் கண்ணில் படவே இல்லை.

வியாழக்கிழமை பின்னேரம் ஒரு பெண் கடைக்கு வந்தாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். அறிவித்தல் ஒன்றைச் சுவரிலிருந்து பக்குவமாக உரித்து, மடித்துக் கொண்டுவந்திருந்தாள்.

“அண்ணை, இது இந்த இடமோ?”

“ஓம். இங்க இல்லை. கடற்கரையில.”

“நீங்கள் சனியைக் கண்ணால பாக்கிறனீங்களோ?”

“தொலைநோக்கியால பாக்கிறம்.”

“அப்ப உங்களுக்குத் தெரியும்,” என்று சொல்லிக் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தாள்.

வெருகல் பக்கம் ஒரு கரையூரிலிருந்து, மூதூரில் பஸ் மாறி வந்திருந்தாள். லிங்கநகரில் அவளுடைய அக்கா வீடு. கணவர் கடல் தொழில் செய்பவர். சீனி வருத்தம், அதாவது நீரிழிவு. சிப்பி வெட்டிய காயம் ஆறாமல் கால் பெருவிரல் கறுத்துவிட்டது. இரண்டு விரலை இப்போதே எடுக்க வேண்டும், பிந்தினால் காலுக்கு ஏறிவிடும், அதற்கும் பிந்தினால் ஆளுக்கே ஆபத்து என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். கணவர் கையெழுத்து வைக்க மறுத்துவிட்டார்.

“அவருக்குக் கடக ராசி. அட்டமத்துச் சனி. சனி மாறுமட்டும் உடம்பில கத்தி படக்கூடாது எண்டு சாத்திரி சொல்லிப்போட்டார்.”

அந்த வருடம் பஞ்சாங்கங்கள் இரண்டும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. அவர்கள் வீட்டில் இருந்தது வாக்கிய பஞ்சாங்கம். அதன்படி சனி அடுத்த ராசிக்குப் போக இன்னும் ஆறேழு மாதம் இருந்தது. ஊர்க் கோயில் ஐயர் வைத்திருந்தது திருக்கணிதம். அதன்படி சனி பங்குனியிலேயே போய்விட்டது. ஐயர் வீட்டுக்கு வந்து சொல்லியும் கணவர் கேட்கவில்லை.

“ரெண்டு புத்தகம், ரெண்டு கதை. ஆற்ற கதையை நான் எடுக்கிறது? அதுதான் கண்ணால பாத்த ஆக்களிட்டக் கேப்பம் எண்டு வந்தனான். அது மாறிட்டுதோ, மாறேல்லையோ? ஒரு சொல் சொல்லுங்கோ. கருவியால பாத்த ஆக்கள் சொன்னவை எண்டா அவர் கேப்பார். படிச்ச ஆக்களில அவருக்கு நல்ல மதிப்பு.”

எனக்கு விடை தெரியும். சில மாதங்களுக்கு முன்தான் தலைவர் கூட்டத்தில் அதை விளக்கியிருந்தார். வாக்கியம் என்பது பழைய காலத்துக் கணக்கு. காலப்போக்கில் வானத்தை விட்டு விலகிவிட்டது. திருக்கணிதம் வானத்தோடு ஒப்பிட்டுத் திருத்திய கணக்கு. கோள் நிற்பது இரண்டாவது புத்தகம் சொல்லும் இடத்தில்தான். அதனால் நான் பொய்கூடச் சொல்லத் தேவையில்லை. மாறிட்டுது தங்கச்சி, போய்க் கையெழுத்து வைக்கச் சொல்லுங்கோ. ஒரு மூச்சில் சொல்லி முடிக்கக்கூடியது.

ஆனால் அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் இயந்திரத்துக்குத் தாள் வைக்கத் திரும்பினேன்.

“சனிக்கிழமை வாங்கோ,” என்றேன். “சேர் வருவார். அவர் வடிவாச் சொல்லுவார்.”

அன்று இரவே ஊருக்குத் திரும்ப இருந்தவள். என் சொல்லைக் கேட்டு இரண்டு நாள் அக்கா வீட்டில் தங்கினாள்.

சனிக்கிழமை ஆறரைக்குக் கடற்கரைக்குப் போனபோது ஏற்கெனவே சனம் நின்றது. இருபது பேருக்குக் கிட்ட. எங்கள் கழகத்துக்கு அப்படி ஒரு கூட்டம் அதற்கு முன் வந்ததில்லை. எல்லார் கையிலும் எள்ளெண்ணெய்ச் சுட்டி விளக்கு, கறுப்புத் துணி. ஒருவர் வாழையிலையில் எள்ளுச்சாதம் கட்டி வந்திருந்தார். தொலைநோக்கியின் முக்காலிக்குக் கீழே, காற்றுப் படாமல் மணலில் குழி தோண்டி, நாலைந்து விளக்கு ஏற்றியிருந்தார்கள். செயலாளர் அவர்களை மறிக்கவில்லை. வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார்.

“ஒவ்வொருத்தரா வாங்கோ. தோசம் கூடின ஆக்கள் முன்னுக்கு. அய்யா, உங்களுக்கு ஏழரையோ அட்டமமோ?”

ஒரு வயதான மனிதர், “பூசைக்கு ஐயர் வரேல்லையோ தம்பி?” என்று கேட்டார்.

“இவர்தான் ஐயர்,” என்று தலைவரைக் காட்டினார் செயலாளர். “பூணூலை வீட்டில வைச்சிட்டு வந்திட்டார்.”

கழகத்தார் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றார்கள். தலைவருக்கு நடந்தது விளங்கச் சிறிது நேரம் எடுத்தது. பிறகு யாரோ கொண்டுவந்திருந்த அறிவித்தலை வாங்கி, விளக்கு வெளிச்சத்தில் பிடித்து வாசித்தார்.

“இதை அடிச்சது ஆர்?”

ஆர் என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் கேட்டார். “அமாவாசைதான், சேர்,” என்று இரண்டு மூன்று பேர் சொன்னார்கள். தலைவர் என்னைக் கூப்பிட்டு, தாளை என் கையில் தந்து, எல்லாருக்கும் கேட்க வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். “இன்னும் பலத்து,” என்றார். திரும்ப வாசித்தேன். “தலைப்பை மட்டும்.” சனி பார்வை என்றேன். “இன்னொருக்கா.” சனி பார்வை. விளக்குகளின் வெளிச்சம் கீழே இருந்து என் முகத்தில் அடித்தது. இருட்டை நம்பிச் சேர்ந்த இடத்தில் அவ்வளவு வெளிச்சத்தில் நான் நின்றது அன்றுதான்.

“இந்த மனிசனுக்குத் தமிழ் தெரியாது. அதால நீங்கள் எல்லாரும் மினக்கெட்டுப் போனியள்,” என்று தலைவர் சனத்துக்குச் சொன்னார். “இது சாத்திரம் இல்லை, விஞ்ஞானம். விளக்குகளை நூத்துப்போட்டு வீட்ட போங்கோ.”

போனார்கள். எள்ளுச்சாதம் கொண்டுவந்தவர் போகும்போது என் அருகில் நின்று, “கும்பிடுற விசயத்தில பகிடி விடாதையும்,” என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

வெருகல் பக்கத்துப் பெண் போகவில்லை. அவள் விளக்கும் கொண்டுவரவில்லை. நேரே தலைவரிடம் போய்த் தன் கதையைச் சொன்னாள். விரல், கையெழுத்து, இரண்டு பஞ்சாங்கம் எல்லாம் சொன்னாள். சுற்றி நின்ற எல்லாருக்கும் கேட்டது.

“அம்மா, சனி எண்டது வாயுவால ஆன ஒரு கோள்,” என்றார் தலைவர். “உங்கட புருசன்ர காலுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.”

“ஓம் சேர். அது மாறிட்டுதோ?”

“மாறுறது எண்டு ஒண்டு இல்லை. ராசி எண்டே ஒண்டு இல்லை.”

“ஓம் சேர். எந்தப் புத்தகம் சரி?”

“ரெண்டும் பிழை. ஆளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ.”

அப்படிச் சொன்னார் என்பதையும் நான் எழுதத்தான் வேண்டும். ஆனால் அதைச் சொல்லும்போதே தொலைநோக்கிப் பக்கம் திரும்பிவிட்டார். எந்தப் புத்தகம் வானத்தோடு ஒத்துப்போகிறது என்பதை அவர் எங்களுக்குச் சொன்ன மாதிரி அவளுக்கும் சொல்லியிருக்கலாம். கொள்கைக்காகச் சொல்லாமல் விட்டார்.

“விடுங்கோ சேர், அவ ஒருக்காப் பாக்கட்டும்,” என்றார் செயலாளர்.

அவள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு மணலில் நடந்து வந்தாள். கை கூப்பிக் கண் மூடி நின்றுவிட்டு, குனிந்து பார்த்தாள். பின்னால் இரண்டு பேர் மூக்கால் சிரித்தார்கள்.

“வளையம் எண்டு பள்ளிக்கூடத்தில படிச்சனான். வளையத்தைக் காணேல்லையே,” என்றாள். “சின்னக் கோடு ஒண்டுதான் தெரியுது.”

அது உண்மை. அந்த வருடம் சனியின் வளையம் எங்களுக்கு விளிம்பைக் காட்டிக்கொண்டு இருந்தது. தட்டு ஒன்றைக் கண் மட்டத்தில் பிடித்துப் பார்த்தால் எப்படித் தெரியுமோ அப்படி. தோடம்பழ விதை ஒன்றில் ஊசி குத்தியதுபோல ஒரு மெல்லிய கோடு மட்டும் தெரிந்தது. நெடுநாள் காத்திருந்து பார்த்த எங்கள் ஆட்களுக்கே அதில் ஏமாற்றம்தான்.

“அதைத்தான் நாங்களும் தேடுறம்,” என்றார் செயலாளர். “அமாவாசை, நீர்தானே ஆக்களைக் கூப்பிட்டனீர். வந்து பாத்துச் சொல்லும். சனியார் போயிட்டாரோ, இருக்கிறாரோ?”

எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். முகத்தை மறைக்கவே போய்க் குனிந்து கண்ணை வைத்தேன். கண் கலங்கியிருந்ததால் ஒன்றும் தெரியவில்லை. அந்தக் குனிந்த நிலையில், எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியாமல், வாய் திறந்து சொன்னேன்:

“மோதிரத்தைக் கழட்டி வைச்சிட்டு, சாரத்தையும் கட்டிக்கொண்டு இருக்கிறார். இப்போதைக்குப் போகமாட்டார்.”

வீட்டுக்கு வந்த விருந்தாளி காற்சட்டையைக் கழற்றிச் சாரத்துக்கு மாறிவிட்டால் அன்று தங்கப்போகிறார் என்று அர்த்தம். கடற்கரையே சிரித்தது. செயலாளர் மணலில் இருந்துவிட்டார். யாரோ என் முதுகில் தட்டினார்கள். தலைவரும் சிரித்தார், அவர் சிரிக்கும் சத்தத்தை நான் முதன்முதலாகக் கேட்டேன். “அமாவாசைக்கு வாய் இருக்குதடாப்பா,” என்று ஒருவர் சொன்னார்.

இதில் பொய் சொல்லிப் பயனில்லை. என் வாழ்க்கையில் அப்படி ஒரு சந்தோசத்தை நான் அனுபவித்ததில்லை. சற்று முன் என்னை நிற்க வைத்துச் சிரித்த அதே ஆட்கள் இப்போது என் சொல்லுக்குச் சிரித்தார்கள்.

சிரிப்பு அடங்கும்வரை அந்தப் பெண் பொறுத்திருந்தாள். பிறகு என் கிட்ட வந்தாள்.

“போகமாட்டாரோ, அண்ணை?”

நான் குனிந்து முக்காலியின் திருகை முறுக்கினேன்.

“நீங்கள் உங்கட கண்ணால பாத்தனீங்களோ?”

அவளுடைய கணவரின் விரல் எனக்கு ஞாபகம் இருந்தது. மறந்துவிட்டேன் என்று சொல்ல முடியாது. ஆனால் அவளுக்குப் பின்னால் பத்துப் பேர் அடுத்த பகிடிக்காக என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“ஓம்,” என்றேன். “வடிவாப் பாத்தனான்.”

திரும்பவும் சிரிப்பு எழுந்தது.

“சரி அண்ணை. நீங்களாவது நேரா ஒரு மறுமொழி சொன்னியள்,” என்று சொல்லி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வீதிப் பக்கம் நடந்தாள்.

வந்தவர்கள் பெயரும் தொலைபேசி இலக்கமும் எழுதும் கொப்பி ஒன்று எங்களிடம் இருந்தது. அவளும் எழுதியிருந்தாள். அந்த இலக்கத்தை ஒரு துண்டில் எழுதிக் கடையில் இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்தேன். முதல் கிழமை, அவளுக்கு அது பகிடி என்று விளங்கியிருக்கும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். இரண்டாம் கிழமை, இவ்வளவு நாளில் ஆஸ்பத்திரிக்காரர் எப்படியாவது கையெழுத்து வாங்கியிருப்பார்கள் என்று சொல்லிக்கொண்டேன். மூன்றாம் கிழமை துண்டைக் கழற்றி மேசை லாச்சிக்குள் போட்டேன்.

கூச்சத்தால் அவளுக்கு அழைப்பு எடுக்கவில்லை என்று எழுதலாம். அது பாதிதான் உண்மை. கழகத்தில் என் நிலை மாறிப்போயிருந்தது. மேகம் மூடினால், “மேகம் சாரம் கட்டிட்டுது,” என்றார்கள். கூட்டம் முடிந்தும் போகாமல் இருந்து கதைப்பவரைக் கண்டால், “இவரும் மோதிரத்தைக் கழட்டிப்போட்டார்,” என்றார்கள். ஒவ்வொரு தடவையும் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அமாவாசை என்ற பெயர் போய்ச் ‘சனியார்’ ஆனேன். இனிமேல் வரும் மாத நிகழ்ச்சிகளை எழுந்து நின்று அறிவிக்க வேண்டியதும் நான்தான் என்று தலைவரே சொன்னார். கடையில் ஆள் இல்லாத நேரம் இயந்திரத்தின் கண்ணாடியைப் பார்த்து அடுத்த பகிடியைச் சொல்லிப் பழகினேன். அந்த இலக்கத்துக்கு அழைத்தால் நான் சொன்னது பகிடியாக இருக்காது, வேறு ஒன்றாக மாறிவிடும். அதை மாற்ற எனக்கு மனம் வரவில்லை. ஒரு மனிதனின் காலைவிட அந்தச் சிரிப்பு எனக்குப் பெரிதாக இருந்தது.

மழை தொடங்கிய பிறகு ஒரு நாள் காலை அவள் கடைக்கு வந்தாள். பொலித்தீன் பைக்குள் காகிதங்கள் இருந்தன.

“எட்டுக் கொப்பி வேணும், அண்ணை.”

கண்ணாடியில் வைக்கும்போது பார்த்தேன். மரண அத்தாட்சிப் பத்திரம். மூடியை மூடி அமத்தினேன். வெளிச்சம் ஒரு பக்கமிருந்து மறுபக்கம் போய் வந்தது.

“நீங்கள் சொன்னது சரி, அண்ணை,” என்றாள். “அது போகேல்லத்தான்.”

நான் தாள் வந்து விழும் இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கேட்காமலே அவள் சொன்னாள். ஊருக்குப் போய், கருவியால் பார்த்தவர்கள் சொன்னார்கள் என்று கணவரிடம் சொல்லியிருக்கிறாள். ‘பாத்தியோ, நான் சொன்னனான்’ என்று அவர் சந்தோசப்பட்டிருக்கிறார். கறுப்பு விரலிலிருந்து பாதத்துக்கு ஏறியிருக்கிறது. காய்ச்சலில் நினைவு இல்லாமல் கிடந்தபோதுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள்.

“முழங்காலுக்கு மேல எடுத்தவை. எடுத்தும் காணாது எண்டிட்டினம். கிருமி இரத்தத்தில ஏறிட்டுதாம்.”

அந்த இடத்தில் நான் வாய் திறந்தேன். அவளுக்காகத் திறந்தேனா, எனக்குப் பாரம் தாங்கவில்லையா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

“தங்கச்சி, அண்டைக்கு நான் சொன்னது பகிடி. அது பங்குனியிலயே மாறிட்டுது.”

அவள் பொலித்தீன் பையை மேசையில் வைத்தாள்.

“அப்ப ஐயர் சொன்னது சரியோ?”

“ஓம்.”

“எல்லாரும் சிரிச்சது அதுக்கோ?”

“ஓம்.”

“நான் நினைச்சன், நான் கதைக்கிற விதத்துக்குச் சிரிக்கினம் எண்டு.”

சத்தம் போட்டிருந்தால் நல்லாக இருந்திருக்கும். அவள் போடவில்லை. வந்து விழுந்த பிரதிகளை எடுத்து, விளிம்புகளை மேசையில் தட்டி ஒழுங்காக்கினாள். ஒன்றில் மை பரவியிருந்தது. அதைத் திருப்பித் தந்து, வேறு எடுத்துத் தரச் சொன்னாள். எடுத்துக் கொடுத்தேன்.

“அவரின்ர தமையன்மார் நான்தான் ஆளை மறிச்சு வைச்சனான் எண்டு சொல்லுகினம்,” என்றாள். “சனி கினி எண்டு நான்தான் கொண்டுபோட்டன் எண்டு. பிள்ளையளும் இப்ப என்னோட கதைக்கிறேல்ல. நான் கடற்கரைக்குப் போனது, கேட்டது, நீங்கள் சொன்னது, ஒண்டையும் நம்பினம் இல்லை. அப்பிடி ஒரு கழகமே இல்லை எண்டுகினம்.”

பிரதிகளைப் பைக்குள் வைத்தாள்.

“முப்பத்தோராம் நாள் சடங்குக்கு எல்லாரும் வருவினம். நீங்கள் வந்து ஒரு சொல் சொல்லுங்கோ. நான் கேட்டனான், நீங்கள் சனி போகேல்ல எண்டு சொன்னனீங்கள் எண்டு. அவ்வளவுதான். பகிடி எண்டுகூடச் சொல்லத் தேவையில்லை.”

“கடிதம் ஒண்டு அடிச்சுத் தரட்டோ? கழகத்தின்ர பேரில?”

“கடிதம் ஆரும் அடிக்கலாம், அண்ணை. நீங்களே நாள் முழுக்க அடிக்கிறனீங்கள்தானே. ஆளா வந்து சொல்லுங்கோ.”

“வாறன்,” என்றேன்.

“எப்பிடியும்?”

“எப்பிடியும்.”

என் மேசையில் கிடந்த தாள் ஒன்றின் பின்பக்கத்தில் எந்தப் பஸ், எங்கே மாறுவது, எந்தச் சந்தியில் இறங்குவது என்று எழுதி வைத்துவிட்டுப் போனாள். என் இலக்கத்தையும் வாங்கிக்கொண்டாள்.

முப்பத்தோராம் நாள் காலை வெள்ளைச் சட்டை போட்டு, கடையைத் திறக்காமல் பஸ் நிலையத்துக்குப் போனேன். மூதூர் பஸ் நின்றது. ஏறி, ஜன்னல் பக்கம் இருந்தேன். முப்பது நாற்பது முகங்கள் ஒரு முற்றத்தில் என்னைத் திரும்பிப் பார்ப்பது கண்ணுக்குள் வந்தது. நீ என்ன சொன்னாய் என்று கேட்பார்கள். சொல்லைச் சொல்லாகவே சொல்லச் சொல்வார்கள். மாலை போட்ட படத்துக்கு முன்னால் நின்று, மோதிரத்தைக் கழட்டி, சாரத்தைக் கட்டி என்று நான் சொல்லவேண்டி வரும். கண்டக்டர் ஏறி மணி அடிக்கும்போது இறங்கிவிட்டேன்.

கடைக்கு வந்து கதவைப் பாதி திறந்து வைத்தேன். ஆட்கள் வந்தார்கள். அடையாள அட்டை இரண்டு பக்கம், பிறப்புச் சான்றிதழ், ஏதோ ஒரு விண்ணப்பம். மதியம் தாண்டியதும் தொலைபேசி அடித்தது. விட்டுவிட்டேன். திரும்ப அடித்தது. மூன்றாவது தடவை கடையில் நின்ற ஒருவர், “உங்கட போன் அடிக்குது,” என்றார். எடுத்தேன்.

“அண்ணை, எங்க நிக்கிறியள்?” என்றாள். பிறகு நான் பதில் சொல்லும் முன்பே, “வர ஏலாட்டிப் பரவாயில்லை. எல்லாரும் இதில இருக்கினம். ஸ்பீக்கரில போட்டிருக்கிறன். நீங்கள் சொல்லுங்கோ.”

தகரத்தில் மழை விழும் சத்தம் கேட்டது. கோப்பைகள் கழுவும் சத்தம் கேட்டது, பிறகு நின்றது. யாரோ பிள்ளைகளை அதட்டிப் பேசாமல் இருக்கச் சொன்னார்கள். எல்லாரும் எனக்காகக் காத்திருப்பது எனக்கு விளங்கியது.

“சொல்லுங்கோ, அண்ணை.”

கடையில் நின்றவரின் தாளைக் கண்ணாடியில் வைத்தேன்.

“ஆர் அது?” என்று ஒரு ஆண் குரல் கேட்டது. “ஒரு சத்தத்தையும் காணேல்ல.”

“இருக்கிறார்,” என்றாள். “அவர் கொஞ்சம் கூச்சப்படுற ஆள். பொறுங்கோ, சொல்லுவார்.”

“கூச்சப்படுற ஆளோ, இல்லாத ஆளோ?”

யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு இன்னும் சிலர்.

“அண்ணை,” என்றாள் அவள்.

அழைப்பைத் துண்டித்தது நான்தான்.